கெய்ரோவில் ஆறு நாள் பெல்லி டான்ஸ் வொர்க்‌ஷாப்: ஒன்றரை வருடப் பயிற்சி போதுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஒன்றரை வருடமாக வாரம் ஒரு வகுப்பு போகிறீர்கள். நவம்பரில் எகிப்துக்குச் சுற்றுலா. அதோடு ஒட்டிக் கெய்ரோவில் ஆறு நாள், தினமும் ஐந்தாறு மணி நேரம் நடக்கும் வொர்க்‌ஷாப் ஒன்றில் சேர நினைக்கிறீர்கள். இந்தப் பயிற்சி போதுமா, உடம்பு தாங்குமா, கடைசி இரவு மாணவர்கள் ஆடும் நிகழ்ச்சிக்குப் பெயர் கொடுக்கலாமா என்று மூன்று கேள்வி.

போதும். தாங்கும், ஆனால் மூன்றாம் நாள் காலையில் தாங்காது என்றுதான் தோன்றும். பெயர் கொடுங்கள், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பதினொரு வருடமாக ஆடுகிறேன். இதற்காக மட்டும் கெய்ரோவுக்கு நான்கு முறை போயிருக்கிறேன். முதல் முறை போனபோது எனக்கும் ஏறக்குறைய உங்கள் அளவு பயிற்சிதான். திரும்பி வரும்போது கைபேசியில் பதினான்கு வீடியோ, வீங்கிய இடது முழங்கால், இரண்டு அளவு பெரிதான ஒரு காஸ்ட்யூம். அந்தப் பதினான்கில் ஒன்றைக்கூட இன்றைக்கு என்னால் முழுசாக ஆட முடியாது. ஆனால் அதே பயணத்தில், வகுப்பு முடிந்து எல்லோரும் தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தபோது, எங்களுக்குத் தாளம் வாசித்த பெரியவர் ஒருவர் பத்து நிமிடம் மேசையில் விரலால் தட்டிக் காட்டினார். அது அப்படியே இருக்கிறது. அதனால் இந்தப் பதிலில் பெரும்பகுதி காதைப் பற்றித்தான். இடுப்பு அப்புறம்.

முதலில், அங்கே வகுப்பு எப்படி நடக்கும் என்று தெரிந்துகொண்டு போங்கள். இது தெரியாமல் போய் முதல் நாளே முகம் வாடிப்போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நம் வாராந்திர வகுப்பில் ஒரு ஸ்டெப்பைப் பிரித்து, எண்ணிக்கை சொல்லி, கண்ணாடியில் திருத்தி, மறுபடி செய்யச் சொல்வார்கள். கெய்ரோவில் பல டீச்சர்கள் அப்படிச் சொல்லித் தருவதில்லை. முதுகைக் காட்டி நிற்பார், பாட்டு ஓடும், அவர் ஆடுவார், பின்னால் நாற்பது பேர் ஆட வேண்டும். அவ்வளவுதான் பாடம். "இந்த இடத்தில் எடை எந்தக் காலில்?" என்று கேட்டால் இன்னொரு முறை ஆடிக் காட்டுவார், இந்த முறை கொஞ்சம் வேறு மாதிரி. சொல்லித்தர மனமில்லை என்று நினைக்க வேண்டாம். அவரே அப்படிப் பார்த்துப் பார்த்துக் கற்றவராக இருப்பார். அவருக்கு அது எட்டு எண்ணிக்கைக்குள் அடங்கும் ஸ்டெப் இல்லை. வயலின் அந்த இடத்தில் இழுத்தது, அதனால் இடுப்பு அப்படிப் போனது. அடுத்த முறை அவர் காதில் வயலினுக்குப் பதில் கானூன் என்ற பலதந்தி வாத்தியம் விழுந்திருக்கும், இடுப்பும் மாறியிருக்கும்.

இந்த மாதிரி வகுப்பில் எங்கே நிற்கிறோம் என்பது முக்கியம். முன்வரிசை நடுவுக்கு அடித்துக்கொள்ள வேண்டாம். இரண்டாம் வரிசை ஓரம், டீச்சரின் பாதம் தெரிகிற இடமாகப் பாருங்கள். இடுப்பையே பார்த்துக்கொண்டு பின்பற்றுகிறவர்கள் பதினைந்து நிமிடத்தில் தொலைந்துபோவார்கள். எடை எந்தக் காலில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், எந்த இடுப்பு மேலே போக முடியும் என்பது தானாகத் தெரிந்துவிடும். சுமை இல்லாத பக்கம்தான் சுலபமாக ஆடும். முதல் ஓட்டத்தில் கால் மட்டும். இரண்டாவதில் இடுப்பு. கை மூன்றாவதில் வரட்டும், வராவிட்டாலும் பரவாயில்லை.

பேச்சு எல்லாம் பாதி ஆங்கிலம், பாதி எகிப்திய அரபியாக இருக்கும். பத்துப் பன்னிரண்டு வார்த்தை தெரிந்திருந்தால் போதும். வாஹித், இத்னேன், தலாத்தா, அர்பஆ என்பது ஒன்று முதல் நான்கு. யமீன் வலது, ஷிமால் இடது. உத்தாம் முன்னால், வரா பின்னால். தானி என்றால் மறுபடி. இதைத்தான் ஆறு நாளும் அதிகம் கேட்பீர்கள். மின் இல் அவ்வில் என்றால் முதலிலிருந்து. ஷ்வய்யா ஷ்வய்யா என்றால் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக. கலாஸ் என்றால் முடிந்தது, போதும். ஷிம்மி, அதாவது இடுப்பை விடாமல் குலுக்குவது, ஒரு நிமிடம் தாண்டியதும் காது தேடுவது இந்தக் கடைசி வார்த்தையைத்தான்.

சரி, தாளம். எகிப்தில் தப்லா என்றால் நாம் அறிந்த ஜோடித் தபலா இல்லை. கோப்பை வடிவத்தில், மடியில் சாய்த்து வாசிக்கும் ஒற்றை வாத்தியம்; வேறு நாடுகளில் தர்புகா என்பார்கள். தோலின் நடுப்பக்கம் அடித்தால் கனமாக 'தும்'. ஓரத்தில் அடித்தால் கூர்மையாக 'தக்'. அந்தப் பெரியவர் மேசையில் தட்டிக் காட்டியது மூன்று தாளம். கோடு இருக்கும் இடத்தில் மௌனம்:

மக்ஸூம்: தும் தக் – தக் தும் – தக் –
பலதி: தும் தும் – தக் தும் – தக் –
சயீதி: தும் தக் – தும் தும் – தக் –

மூன்றுக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான். எட்டு இடம், மூன்றும் ஆறும் எட்டும் காலி. மக்ஸூமின் இரண்டாம் இடத்தில் இருக்கும் தக்கைத் தும்மாக்கினால் பலதி. நான்காம் இடத்துத் தக்கைத் தும்மாக்கினால் சயீதி. ஒரே ஒரு அடிதான் வித்தியாசம், ஆடும் உடம்போ வேறாகிவிடும். மக்ஸூமில் நடக்கலாம், மிதக்கலாம், பெரும்பாலான பாட்டு அதில்தான் ஓடும். பலதியில் ஆரம்பத்திலேயே இரண்டு தும் விழுவதால் உடம்பு தரையில் உட்கார்ந்துவிடும். ஹிப் டிராப்பை, அதாவது ஒரு பக்க இடுப்பைச் சட்டென்று இறக்குவதை, கனமாகப் போட்டு அங்கேயே நிற்கத் தோன்றும். சயீதியில் இரண்டு தும் நடுவில் ஒட்டி வரும். குதிரை துள்ளுவது போல அந்த இடத்தில் ஒரு எழுச்சி இருக்கும். சயீதிக்குக் கையில் குச்சி பிடித்து ஆடுவார்கள், அங்கேதான் அது சுழலும்.

கேட்கும்போது இது எழுதியிருப்பதைப் போல வெறுமையாக இருக்காது. வாசிப்பவர் காலி இடங்களை எல்லாம் பொடிப்பொடித் தக்குகளால் நிரப்பிவிடுவார். அதனால் தக்கைத் துரத்தாதீர்கள், தும்மைப் பிடியுங்கள். போவதற்கு முன் ஆறு வாரம், தினமும் பத்து நிமிடம், பாத்திரம் கழுவும்போதோ பஸ்ஸில் நிற்கும்போதோ ஒரு பாட்டைப் போட்டு, தும் எங்கே விழுகிறது என்று மட்டும் கேளுங்கள். தொடையில் தட்டுங்கள். ஆட வேண்டாம். மூன்றையும் பிரித்துக் கேட்கப் பழகிவிட்டீர்கள் என்றால், ஐந்து வருடம் ஆடிவிட்டு இது தெரியாமல் வருகிறவர்களைவிட அந்த வகுப்பில் நீங்கள் முன்னால் இருப்பீர்கள். மிகைப்படுத்தவில்லை, பாட்டில் சயீதி ஓடும்போது மிதந்துகொண்டிருப்பவர்களை எகிப்திய டீச்சர் ஒரு பார்வை பார்ப்பார், அதைப் பார்த்தால் புரியும். நான்காவதாக மல்ஃபூஃப் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: தும் – – தக் – – தக் –. வேகமானது. மேடைக்கு உள்ளே வரவும், முடித்துவிட்டு வெளியே ஓடவும் பயன்படுவது. இஸ்தான்புல் பக்கம் போகிறவர்களுக்குக் கர்ஷிலாமா என்ற ஒன்பது எண்ணிக்கைத் தாளம் வேறு இருக்கிறது. உங்களுக்கு இப்போது வேண்டாம்.

தாளம் இல்லாத இடமும் வரும். அதற்குத் தக்ஸீம் என்று பெயர். ஒரே ஒரு வாத்தியம் ஆலாபனை போலத் தனியாகப் போகும், எண்ணிக்கை எடுபடாது. கானூனின் தந்திகள் நடுங்கும்போது இடுப்பும் நடுங்கலாம். நாய் என்ற புல்லாங்குழல் நீளமாக மூச்சு விடும்போது கையும் மார்பும் மெதுவாகப் போகலாம். பலதி தக்ஸீமில் அக்கார்டியன் தனியாகப் பேச ஆரம்பிக்கும், தப்லா குறுக்கே பதில் சொல்லும், கேள்வியும் பதிலுமாகப் போய் மெல்லத் தாளம் உட்காரும், கடைசியில் வேகம் பிடிக்கும். இதைக் கோரியோகிராஃபி என்று மனப்பாடம் செய்ய முடியாது. உம் குல்தூம் பாடி, முகமது அப்துல் வஹாப் இசையமைத்த 1964-ஆம் ஆண்டின் 'இன்த உம்ரி'யைத் தேடிக் கேளுங்கள். பாடுவதற்கு முன்னால் வரும் நீண்ட இசைப் பகுதியைத்தான் நடனக்காரர்கள் எடுத்து ஆடுவார்கள். வாத்தியம் மாறும் ஒவ்வொரு இடத்திலும் விரலை மடக்குங்கள். இரண்டு கையும் போதாது.

பாட்டின் வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்துகொள்வதும் இதில் சேர்த்திதான். பிரிவில் அழுகிற வரிக்குப் பல்லைக் காட்டிச் சிரித்து ஆடிய குற்றம் என் பேரிலும் இருக்கிறது. அறையில் இருந்த எகிப்தியப் பெண்கள் இரண்டு பேர் பணிவாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

அட்டவணையில் வரும் பெயர்களையும் ஒருமுறை பிரித்துச் சொல்லிவிடுகிறேன். 'பெல்லி டான்ஸ்' என்பது வெளியார் வைத்த பெயர், பிரெஞ்சுக்காரர்கள் 'வயிற்று நடனம்' என்று சொன்னதிலிருந்து வந்தது. அங்கே ரக்ஸ் ஷர்க்கி, கிழக்கத்திய நடனம். மேடைக்கென்று விரிந்த வடிவம் இது. சிரியா, லெபனான் பின்னணி கொண்ட பதீஆ மஸாப்னி 1926-இல் கெய்ரோவில் ஒரு கேளிக்கை விடுதி திறந்தார். வீட்டு விசேஷத்தில் நின்ற இடத்தில் ஆடிய ஆட்டம் அங்கே பெரிய மேடைக்கும் பெரிய வாத்தியக் குழுவுக்கும் ஏற்றபடி நீண்டது. புகழ்பெற்ற நடனக்காரர்களான தஹியா கரியோகாவும் சாமியா கமாலும் அந்த மேடையில் வளர்ந்தவர்கள். 'ஃபோக்லோர்', அதாவது நாட்டுப்புற நடனம், என்று அட்டவணையில் இருந்தால் பெரும்பாலும் மஹ்மூத் ரெதாவின் வழி. 1959-இல் குழு தொடங்கி, ஊர் ஊராகப் போய் அங்கங்கே மக்கள் அசையும் விதத்தைப் பார்த்து, அதை மேடைக்குத் தைத்தவர் அவர். ஃபரீதா ஃபஹ்மி அந்தக் குழுவின் முகம். சயீதி வகுப்பில் நீங்கள் எடுக்கும் குச்சிக்குப் பின்னால் தஹ்தீப் என்ற தெற்கு எகிப்து ஆண்களின் கம்பு விளையாட்டு இருக்கிறது. 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பெண்கள் ஆடுவது அதைக் குறும்பாக நையாண்டி செய்வது மாதிரி இருக்கும். குச்சியை ஆயுதம் போலப் பிடித்தால் டீச்சர் சிரிப்பார்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், ஆறு நாளுக்கும் வகுப்புகளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எல்லோரும் பெரிய பெயருள்ள டீச்சர்களின் ரக்ஸ் ஷர்க்கி கோரியோகிராஃபிகளையே எடுப்பார்கள். நான் எடுத்தது அப்படித்தான். நீங்கள் ஒரு பலதி, ஒரு சயீதி, தப்லாக்காரர் நேரில் வந்து வாசிக்கும் வகுப்பு ஒன்று, இவற்றை முதலில் போட்டுவிட்டு மிச்சத்தை நிரப்புங்கள்.

அடுத்து உடம்பு. வாரம் ஒரு மணி நேரம் ஆடுகிற உடம்பை ஒரே வாரத்தில் முப்பது மணி நேரம் ஆடச் சொல்கிறோம். முதல் நாள் உற்சாகத்தில் ஓடிவிடும். பழக்கமில்லாத வேலை செய்த தசை ஒன்று முதல் மூன்று நாள் கழித்துத்தான் முழு வலியையும் காட்டும். அதனால் மூன்றாம் நாள் காலையில் படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவீர்கள். எல்லோரும் அப்படித்தான் இறங்குவார்கள், பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம்.

இதைக் குறைக்க வழி உண்டு. இந்த ஆறு வாரத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கெண்டைக்கால் ஏற்றம், ஸ்குவாட், ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்கும் பயிற்சி, மூன்றையும் செய்யுங்கள். கடைசியில் சொன்னது இடுப்பின் பக்கவாட்டுத் தசைக்கு. ஒற்றைக் காலில் நின்று ஹிப் டிராப் போடும்போது உங்களை நிமிர்த்தி வைப்பது அதுதான். வாரத்தில் ஒரு நாளாவது இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஆடிப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு உங்கள் உடம்பு எங்கே ஏமாற்றுகிறது என்று அப்போதுதான் தெரியும். பலருக்கு அது கீழ்முதுகு. வயிற்றுத் தசை களைத்ததும் இடுப்பெலும்பு முன்னால் சரிந்து முதுகு வளைய ஆரம்பிக்கும், அப்புறம் ஒவ்வொரு ஷிம்மியும் முதுகில்தான் இறங்கும். ஷிம்மி முழங்காலிலிருந்து வர வேண்டும்: இரண்டு காலும் மாறி மாறித் தளர்ந்து நீள, இடுப்பு சும்மா அதன் மேல் ஆடுகிறது. பின்பக்கத் தசையை இறுக்கிப் பிடித்திருந்தால் எவ்வளவு முயன்றாலும் வேகம் வராது. பரதம் கற்றவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல். கால் தன்னையறியாமல் அரைமண்டியில் உட்காரும், பாதம் தரையில் ஓசையோடு விழும். இங்கே முழங்கால் பூட்டாமல் இருந்தால் போதும், பாதத்தில் சத்தமே வேண்டாம்.

என் முழங்கால் வீங்கியது ஷிம்மியால் இல்லை, கம்பளத்தால். ஓட்டல் கூடத்தில் கம்பளத் தரை, வெறுங்கால். சுழலும்போது உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. நடுவில் இருந்தது முழங்கால். பதிவு செய்யும் முன் தரை என்னவென்று கேளுங்கள். எதுவாக இருந்தாலும் மெல்லிய தோல் அடிப்பாகம் உள்ள நடனச் செருப்பு ஒன்று பையில் இருக்கட்டும், கம்பளத்தில் வழுக்கும், பளிங்கில் குளிரையும் தேய்ப்பையும் தடுக்கும். தசை முழுக்கப் பரவி வலிக்கிறது என்றால் ஆடலாம். ஒரு மூட்டில், ஒரே புள்ளியில், குத்துகிற மாதிரி வலித்தால் அன்றைக்குக் கலாஸ். உட்கார்ந்து பாருங்கள்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஒரு வகுப்பை வேண்டுமென்றே விட்டுவிடுங்கள் என்றுகூடச் சொல்வேன். காசு கொடுத்தாயிற்றே என்று மனசு அடித்துக்கொள்ளும். அந்த இரண்டு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து, டீச்சரின் பாதத்தை மட்டும் பார்த்து எழுதிக்கொண்டால் ஆடியிருந்தால் கிடைத்ததைவிடக் கூடக் கிடைக்கும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், பாட்டில் தண்ணீர் மட்டும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலைந்து கொண்டுபோங்கள். வயிற்றுக்கும் ஆகும், வியர்வைக்கும் ஆகும்.

தூக்கத்தைக் கெடுப்பது வகுப்பு இல்லை, இரவு நிகழ்ச்சி. இரவு விடுதிகளில் பெரிய நடனக்காரர்கள் மேடை ஏறவே நள்ளிரவு தாண்டிவிடும். ஆறு இரவும் போனால் ஏழாம் நாள் உங்களைத் தூக்கிக்கொண்டுதான் விமானம் ஏற்ற வேண்டும். ஒரு இரவு விடுதி, ஒரு நாள் நைல் படகு, அவ்வளவு போதும். ஆனால் அந்த ஒரு இரவை விடாதீர்கள். முழு வாத்தியக் குழுவோடு ஒரு எகிப்தியப் பெண் நடந்து மட்டும் வந்து, எதுவுமே செய்யாமல் ஒரு தும்முக்காகக் காத்திருந்து, அது விழும்போது ஒரே ஒரு இடுப்பை மட்டும் இறக்குவதைப் பார்த்தால், பகலில் நாம் வியர்க்க வியர்க்க எத்தனை ஸ்டெப்பை அடைத்துக்கொண்டிருக்கிறோம் என்று வெட்கமாக இருக்கும். உங்கள் பயணம் நவம்பர் என்பதால் வெயிலும் பிரச்சினை இல்லை. ரமலானில் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: அந்த மாதம் இந்த நிகழ்ச்சிகள் பொதுவாக நின்றுவிடும்.

ஊருக்குள் நடந்துகொள்வது பற்றி. எகிப்தியர்கள் இந்த நடனத்தை விரும்பும் அளவுக்கு, அதை ஆடிப் பிழைக்கும் பெண்ணை மதிப்பதில்லை. கல்யாணத்தில் அத்தை, பாட்டி எல்லோரும் ஆடுவார்கள். 'ரஆஸா', அதாவது ஆட்டக்காரி, என்ற சொல்லோ தெருவில் வசவு. ஆகவே டாக்சிக்காரர் எதற்கு வந்தாய் என்று கேட்டால் பிரமிடு பார்க்க என்று சொல்லிவிடுங்கள். நான் ஒருமுறை பெருமையாக உண்மையைச் சொல்லிவிட்டு, மீதி அரை மணி நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். பயிற்சி உடை, காஸ்ட்யூம் எதன் மேலும் தளர்வான நீள அங்கி ஒன்று போட்டுக்கொண்டுதான் கூடத்தை விட்டு வெளியே வர வேண்டும். மெட்ரோவில் நடுப்பகுதியில் பெண்களுக்கென்று பெட்டிகள் உண்டு, பகலில் அது வசதி.

இன்னொன்று, விளையாட்டில்லை. யாராவது விடுதிக்காரர் "ஒரு பாட்டுக்கு ஆடுங்கள், காசு தருகிறேன்" என்றால் மறுத்துவிடுங்கள். வெளிநாட்டவர் பொது இடத்தில் தொழிலாக ஆட வேலை அனுமதி வேண்டும். மேடை உடைக்கும் விதிகள் உண்டு. 2018-இல் ஒரு ரஷ்ய நடனக்காரர் இப்படிப்பட்ட விவகாரத்தில் கைதானார். வொர்க்‌ஷாப்புக்குள் சக மாணவர்கள் முன் ஆடும் நிகழ்ச்சி வேறு.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை கொஞ்சம்தான். ஒரு வகுப்பில் எத்தனை பேர்? டீச்சர் வராவிட்டால் யார், பணம் திரும்புமா? ஒரு வகுப்பாவது நேரடி வாத்தியத்தோடு உண்டா? கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் நான் போக மாட்டேன்; பதிவு செய்த பாட்டுக்கு ஆட அவ்வளவு தூரம் எதற்கு? கெய்ரோ நடன ஆசிரியை ராக்கியா ஹசனின் அஹ்லன் வ ஸஹ்லன் போன்ற பெரும் விழாக்களில் உலகம் முழுவதிலிருந்தும் கூட்டம் வரும், ஒரே இடத்தில் நிறைய டீச்சர்களைப் பார்க்கலாம், ஆனால் உங்களை யாரும் பார்க்க மாட்டார்கள். பதினைந்து இருபது பேர் கொண்ட சின்ன முகாமில் டீச்சர் உங்கள் இடுப்பில் கை வைத்துத் திருத்துவார். ஒன்றரை வருடத்துக்குச் சின்னதுதான் சரி. கடைசியில் தரும் சான்றிதழை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள், அது பெரும்பாலும் வந்ததற்கான ரசீது.

காஸ்ட்யூம் வாங்குவதாக இருந்தால் முதல் நாளே அளவு கொடுங்கள். அங்கே மேல் கச்சை அட்டை போலக் கெட்டியாகத் தைத்து மணி கோப்பார்கள், பிறகு பிரித்துச் சரிசெய்வது பெரும்பாடு. நடுவில் ஒருமுறை போட்டுப் பார்க்க நாள் வேண்டும். நான் கிளம்பும் நாள் மதியம் ஒரு கடையில் அவசரமாக வாங்கினேன். 'ஊசி நூல் போட்டால் சரியாகிவிடும்' என்றார் கடைக்காரர். இன்றுவரை சரியாகவில்லை.

வீடியோ: கேட்டுவிட்டு எடுங்கள். பல டீச்சர்கள் கடைசியில் ஒருமுறை ஆடிக் காட்டி அதை மட்டும் பதிவு செய்ய விடுவார்கள், இணையத்தில் போடக் கூடாது என்பார்கள். அதைவிட உபயோகம், அன்றைக்கு இரவே குரல் பதிவாக மூன்று விஷயம் சொல்லி வைப்பது. ஸ்டெப்பின் பெயர் இல்லை. 'கானூன் வந்ததும் கையை நிறுத்திவிட்டார்', 'இரண்டாவது தும்மில்தான் குதிகால் இறங்கியது' மாதிரி. என் முதல் பயணத்தின் பதினான்கு வீடியோவில் நான் மறுபடி பார்த்தது இரண்டு. நான்காம் பயணத்தின் குரல் பதிவுகளை இன்னும் ரிகர்சலுக்கு முன் கேட்கிறேன்.

கடைசியாக, அந்த இரவு. ஹஃப்லா என்பார்கள், விருந்து என்று அர்த்தம். மூன்று நிமிடத்துக்கு மேல் பாட்டு எடுக்காதீர்கள். அந்த வாரம் கற்ற கோரியோகிராஃபியை அரைகுறையாக ஆடாதீர்கள், சொல்லித்தந்த டீச்சரே முன்னால் உட்கார்ந்திருப்பார். ஊரிலிருந்தே பழகிய பாட்டு ஒன்று போதும். அதை இரண்டு பென்டிரைவில், கைபேசியில், மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் என் பென்டிரைவ் திறக்கவில்லை. இது மூன்றாம் பயணம். பெயரை அறிவித்துவிட்டார்கள், நான் நடுவில் நிற்கிறேன், பாட்டுப் போடுகிறவர் கையை விரித்தார், பிறகு தோளைக் குலுக்கிவிட்டு ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டார். நான் கேட்டிராத பாட்டு. முதல் சுற்று அசையாமல் நின்றேன். தும், தக், நடுவில் ஒட்டினாற்போல் இரண்டு தும். இரண்டாம் சுற்றிலும் அதே இடத்தில். பக்கத்து நாற்காலியில் யாரோ சாய்த்து வைத்திருந்த குச்சியை எடுத்துக்கொண்டேன். அது யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. ஆடி முடித்து அதே நாற்காலியில் வைத்துவிட்டு வந்தேன்.